குழந்தைக்கு ஞானஸ்நானமா, பிரதிஷ்டையா? வீட்டில் இரண்டு கருத்து

தேரிக்காட்டான் எழுதியது:

எங்கள் மகனுக்கு இப்போது ஐந்து மாதம். நான் பிறப்பிலேயே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), தூத்துக்குடி மாவட்டத்தில் செம்மண் தேரி ஓரம் ஒரு கிராமம். மனைவி பெந்தெகொஸ்தே குடும்பம். இருவருக்கும் கோவையில் வேலை. ஒரு ஞாயிறு அவள் சபை, ஒரு ஞாயிறு என் கோவில் என்று கல்யாணமான நாளிலிருந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மே மாதம் ஊரில் அசனப் பண்டிகை, சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடும் கோவில் விருந்து. வெளியூரில் இருக்கிற எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமையே பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று அம்மா ஐயரிடம் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) சொல்லிவைத்துவிட்டார்கள். ஞானத்தகப்பன் யார், ஞானத்தாய் யார் என்பதுவரை பேசியாயிற்று. என் அப்பாவுக்கும் எனக்கும் தண்ணீர் ஊற்றிய அதே கல்தொட்டி. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அதனால் அம்மாவுக்கு இது வெறும் சடங்கு இல்லை.

மனைவி சம்மதிக்கவில்லை. கோபப்படவுமில்லை. "அவன் வளர்ந்து, இயேசுவை ஏற்றுக்கொண்டேன் என்று அவன் வாயால் சொல்லி இறங்க வேண்டிய தண்ணீர் அது. அதை நாம் முந்திக்கொண்டு செய்துவிட்டால் அவனுக்கு என்ன மிச்சம்?" என்கிறாள். இப்போதைக்குச் சபையில் பாஸ்டர் கையில் கொடுத்து, தண்ணீர் இல்லாமல் ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை செய்தால் போதும் என்பது அவள் கருத்து. கூடவே, தெளிப்பு ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை, நீங்களும் முழுக்கு எடுங்கள் என்று அவள் சபையில் எனக்கும் சொல்கிறார்கள்.

இரண்டு பக்கத்து வசனங்களையும் கேட்டுவிட்டேன். வசனச் சண்டை வேண்டாம். அந்தத் தண்ணீரில் உண்மையில் என்னதான் நடக்கிறது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பவானிக்கரை எழுதியது:

வசனம் வேண்டாம் என்றீர்கள், சரி. என் கதையைச் சொல்கிறேன்.

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். கல்லூரியில் படிக்கும்போது நண்பனோடு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பைபிள் படித்தால் அப்பா கண்டுகொள்ளமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைக்குக் கிளம்பினால் அம்மா டிபன் எடுத்துவைப்பார். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நல்லவனாக இரு, அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. முழுக்கு எடுக்கப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு வீடே மாறிப்போனது. "போ, வா, கும்பிடு. தண்ணியில மட்டும் இறங்காதே" என்று அப்பா கெஞ்சினார். தங்கையை யார் பெண் கேட்டு வருவார்கள், தனக்குக் கொள்ளி வைப்பது யார் என்பதெல்லாம் அவருடைய கவலை. ஞானஸ்நானத்தின் அர்த்தம் எங்கள் சபையில் பாதிப்பேரைவிட என் அப்பாவுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வருஷக்கணக்காகச் சபைக்கு வந்தும் தண்ணீரில் இறங்காதவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். சிலருக்கு வீட்டு எதிர்ப்பு. சிலருக்குச் சாதிச் சான்றிதழ். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி எஸ்.சி.யில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்கு வந்துவிடுவார். பிள்ளையின் படிப்பை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தண்ணீரின் விலை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு பவானி ஆற்றில் கொடுத்தார்கள். இடுப்பளவு தண்ணீர். ஒரு பக்கம் பாஸ்டர், ஒரு பக்கம் மூப்பர், கரையில் சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மல்லாக்கச் சாய்த்தபோது பாட்டுச் சத்தம் அப்படியே அறுந்துபோனது. எழுப்பியதும் மறுபடி கேட்டது. கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்று ரோமர் 6-ல் பவுல் எழுதுவதை அதற்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

இதையெல்லாம் தூங்குகிற குழந்தைக்குச் செய்ய முடியாது. உங்கள் மகனுக்கு வரவேண்டிய அந்த நாளை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்திலும் என் கருத்து அதேதான். எபேசுவில் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும் பெற்றிருந்தவர்களுக்கு அப்போஸ்தலர் 19-ல் மறுபடி கொடுக்கிறார்களே. மன்னிக்கவும், வசனம் வந்துவிட்டது.

---

இறையியல் மாணவன் எழுதியது:

ஒரு சின்னத் தெளிவு. எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு கேள்வி, எந்த வயதில் என்பது வேறு கேள்வி. நம் ஊரில் குழந்தை என்றால் தெளிப்பு, பெரியவர் என்றால் முழுக்கு என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம்.

கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் கைக்குழந்தையையே மூன்று தரம் தண்ணீரில் முக்கி எடுக்கின்றன. ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் வருஷத்து ஜெபப் புத்தகம்கூட, பிள்ளை தாங்குமென்றால் தண்ணீரில் மெதுவாக முக்கு, பலவீனமான பிள்ளையென்றால் ஊற்றினால் போதும் என்றுதான் சொல்கிறது. மறுபக்கம், பெரியவர்களுக்கு மட்டுமே என்று முதலில் பிடிவாதமாக நின்ற சூரிச் நகரத்து அனபாப்டிஸ்டுகள் 1525 ஜனவரி 21 இரவு ஒரு வீட்டில் கூடி ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டபோது தலையில் ஊற்றித்தான் கொடுத்தார்கள். திருச்சபையின் மிகப் பழைய கையேடுகளில் ஒன்றான திதாகே, ஓடுகிற தண்ணீர் நல்லது, கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. கொடுக்கிறவரும் பெறுகிறவரும் முன்கூட்டி உபவாசம் இருக்கவேண்டும் என்பதில் அது காட்டுகிற கண்டிப்பு தண்ணீரின் அளவில் இல்லை.

வயது விஷயத்தில் ஆதிச் சபையிலேயே ஒரே குரல் இல்லை. சுமார் 200-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து இறையியல் எழுத்தாளர் தெர்த்துல்லியன் குழந்தைகளுக்கு அவசரப்படாதீர்கள் என்று எழுதினார். ஐம்பது வருஷம் கழித்து, அதே கார்த்தேஜில், பிறந்த எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்று அந்நகர ஆயர் சிப்ரியானும் அவரோடிருந்த ஆயர்களும் முடிவு சொன்னார்கள்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மா பக்கத்து உறவினர்களிடம் சொல்லுங்கள். சூரிச்சில் அன்றைக்குக் கூடியவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்சை 1527 ஜனவரியில் லிம்மத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது புராட்டஸ்டண்ட் நகர சபை. உங்கள் மனைவி சொல்வதைப் புதுச் சபைக்காரர்களின் பிடிவாதம் என்று யாராவது பேசினால், அதற்குப் பின்னால் உயிர் போயிருக்கிறது என்பது தெரியட்டும்.

---

வெள்ளைத்தொப்பி எழுதியது:

தம்பி, நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். பிரசவ வார்டிலும் குறைமாதப் பிள்ளைகள் வார்டிலும்தான் பெரும்பகுதி. தண்ணீரில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். என் கையால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஐயர் வந்து சேரும்வரை பிள்ளை தாங்காது என்றால் ஞானஸ்நானம் பெற்ற எவரும் கொடுக்கலாம். சி.எஸ்.ஐ.யிலும் அப்படித்தான், லுத்தரன் சபையிலும் அப்படித்தான். ரோமன் கத்தோலிக்கர் இன்னும் ஒரு படி போய், அவசரத்தில் ஞானஸ்நானம் பெறாதவர் கொடுத்தாலும், திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணம் இருந்தால் செல்லும் என்கிறார்கள். தாய் தகப்பன் கேட்டால்தான் நாங்கள் கொடுப்போம். கேட்காத வீட்டுப் பிள்ளைக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு மாதம்கூட நிறையவில்லை, ஒரு கிலோவுக்கும் குறைவு. வார்மரில் கிடக்கிறது. அந்த மாதத்துத் தோல் நனைந்த காகிதம் மாதிரி இருக்கும், பஞ்சால் துடைத்தாலே உரிந்துவரும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உடம்புச் சூடு இறங்கிவிடும். அதனால் ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூலைக் கைக்குள் பொத்திச் சூடாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொண்டேன். தகப்பன் கவுனும் மாஸ்க்கும் போட்டுப் பக்கத்தில் நிற்கிறார். பிள்ளைக்குப் பேர் என்ன என்று கேட்டேன். பேர் வைக்கவில்லை. நாள் இருக்கிறதே என்று இருந்திருப்பார்கள். கதவைத் திறந்து வெளியே நின்ற மாமியாரிடம் கேட்டார். அந்த அம்மா செத்துப்போன தன் புருஷன் பேரைச் சொன்னார்கள். பிதா என்று ஒரு சொட்டு, குமாரன் என்று ஒரு சொட்டு, பரிசுத்த ஆவி என்று ஒரு சொட்டு. தண்ணீர் நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, ஓட வேண்டும். காதோரம் இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து விட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. விடியுமுன்னே பிள்ளை போய்விட்டது. அடக்கத்தின்போது ஐயர் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஜெபித்தார்.

அந்தப் பிள்ளை எதை அறிக்கை செய்தது? எதை ஏற்றுக்கொண்டது? மூச்சு இழுக்கவே அதற்குப் பலமில்லை. அந்த வார்டில் நின்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஞானஸ்நானத்தில் முதலில் பேசுகிறவர் ஆண்டவர். நீ என்னுடையவன் என்று அவர் சொல்கிறார். நாம் பதில் சொல்கிறோம். பவானிக்கரை தம்பி ஆற்றில் நின்று உடனே சொன்னார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்தபிறகு, தங்கள் விசுவாசத்தைத் தாங்களே சபைக்கு முன்னால் அறிக்கை செய்கிற திடப்படுத்தலின்போது சொல்கிறார்கள். அந்தக் குறைமாதப் பிள்ளை அவருடைய சமுகத்தில் போய்ச் சொல்லியிருக்கும். யோர்தானில் இயேசு கரையேறினபோது "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்ததே, அதுவரை அவர் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை. இதை நான் பல இரவு டியூட்டிகளில் நினைத்துக்கொண்டதுண்டு.

தண்ணீர் எடுக்குமுன்னே போய்விட்ட பிள்ளைகள் உண்டு. இந்து வீட்டு, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ என் கையில் போயிருக்கிறார்கள். அவர்களை ஆண்டவர் தள்ளிவிட்டார் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. அப்படிச் சொல்கிறவர்கள் அந்த வார்டில் ஒரு இரவு நின்றதில்லை. ஞானஸ்நானமில்லாமல் இறந்த குழந்தைகளுக்கும் இரட்சிப்பின் நம்பிக்கை உண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழுவே 2007-இல் எழுதிவிட்டது. இல்லாவிட்டால் நரகம் என்ற பயத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது வேறு, நீ அவருடையவன் என்று சொல்லக் கொடுப்பது வேறு.

பிழைத்த பிள்ளையும் உண்டு. பலம்பிடித்து வீட்டுக்குப் போனபிறகு தாய் தகப்பன் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஐயர் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. யார் கொடுத்தது, என்ன தண்ணீர், என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பதிவேட்டில் எழுதினார். அப்புறம் பிள்ளையைச் சபையாருக்கு முன்னால் தூக்கிப் பிடித்துச் சபையில் சேர்த்துக்கொண்டார். மூன்று சொட்டுதான், ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான். உங்களைத் திரும்ப முழுக்கு எடுக்கச் சொல்கிறவர்களுக்கு என் பதிலும் அதுவே. உங்கள் அப்பா அம்மா அந்தத் தொட்டியருகே நின்று ஆண்டவருடைய பேரைச் சொல்லி வாங்கியதை இன்னொரு தரம் வாங்க வேண்டியதில்லை. பவானிக்கரை தம்பிக்கு இதில் வருத்தமிருக்கலாம், பரவாயில்லை.

ஆனால் உங்கள் மனைவி சொல்வதை நான் லேசாக எடுக்கமாட்டேன். ஞானத்தகப்பன் என்று பேர் கொடுத்து, பிள்ளைக்கு ஒரு மோதிரம் போட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, அதோடு அந்தப் பிள்ளையை மறந்துபோகிறவர்களை ஊரில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அந்த ஆராதனையில் பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிடுகிறீர்களா, விசுவாசிக்கிறீர்களா, இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்குள் வளர்ப்பீர்களா என்று ஐயர் கேட்பார். பதில் சொல்ல வேண்டியது பிள்ளையல்ல, நீங்கள் இரண்டுபேரும். மனசில்லாமல் மாமியாருக்காக அந்தப் பெண் அங்கே நின்று "ஆம்" என்று சொல்லக்கூடாது. எனக்கு உங்கள் பிள்ளை ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றுதான் ஆசை. ஆனாலும் அவள் வாயில் பொய்யை வைத்து வேண்டாம்.

---

சேனைக்காரன் எழுதியது:

நாகர்கோவில் பக்கத்திலிருந்து. நாங்கள் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி). எங்களுக்குத் தண்ணீர் ஞானஸ்நானமே கிடையாது, திருவிருந்தும் கிடையாது. 1883-இல் எங்கள் சேனையை நிறுவிய ஜெனரல் பூத் நிறுத்தியது. குழந்தையைக் கொடியின்கீழ் பிரதிஷ்டை செய்வோம். வளர்ந்தபிறகு அதே கொடியின்கீழ் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுப் போர்வீரனாகச் சேர்வான். வெளியடையாளம் இல்லாமலும் ஆவியானவர் கிரியை செய்வார் என்பதே எங்கள் சாட்சி. எங்களையும் கிறிஸ்தவர்களாக நினைத்துக்கொண்டு இந்தப் பேச்சை நடத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதினேன்.

இன்னொன்று. எங்கள் மாவட்டத்து எல்லையில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை இருக்கிறது. திருவிதாங்கூர் அரசாங்கத்தில் வேலை பார்த்த நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் அந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அதே கத்தோலிக்க சபைதான் அவருக்கும் கொடுத்தது. இரண்டும் ஒரே சபையில் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

தேரிக்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பிள்ளை தூங்கினபிறகு இருவரும் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தோம். வெள்ளைத்தொப்பி அம்மா எழுதியதை மனைவி இரண்டுதரம் படித்தாள். அந்தக் குறைமாதப் பிள்ளைக்குக் கொடுத்தது ஞானஸ்நானம் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதே சமயம், "நம் பையன் ஆரோக்கியமாக இருக்கிறானே, அவசரம் என்ன? நாளைக்கு அவனே எனக்கும் ஆற்றில் இறங்க ஆசை என்று வந்தால் உங்கள் ஐயர் என்ன சொல்வார்?" என்று கேட்கிறாள். என்னை முழுக்கு எடுக்கச் சொல்வதை மட்டும் அவள் இனிமேல் வற்புறுத்தப்போவதில்லை என்று சொன்னாள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

மே மாதம் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். வேண்டவே வேண்டாம் என்ற முடிவு இல்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா இல்லாத முதல் அசனம் வேறு.

---

பவானிக்கரை எழுதியது:

உங்கள் மனைவியின் கேள்விதான் என் கேள்வியும். வெள்ளைத்தொப்பி அம்மாவோடு மறுஞானஸ்நான விஷயத்தில் எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் அந்த அம்மா கையால் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்காக நேற்று நான் ஜெபித்தேன், ஸ்தோத்திரம் சொன்னேன். என் பாஸ்டரிடமும் அதைப் பற்றிக் கேட்கப்போகிறேன்.

---

வெள்ளைத்தொப்பி எழுதியது:

மருமகள் கேட்டது நல்ல கேள்வி. இப்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் ஐயர் பிற்பாடு ஆற்றில் இறக்கமாட்டார், திடப்படுத்தல்தான். அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். கொடுக்காமல் வைத்திருந்து அவன் பெரியவனானபின் சி.எஸ்.ஐ.யிலேயே பெற நினைத்தால், பெரியவர்களுக்கான ஞானஸ்நான ஆராதனை நம் புத்தகத்திலும் இருக்கிறது. எதைச் செய்தாலும் வீட்டில் ஜெபம் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு வழியிலும் பிள்ளைகள் வழுவிப்போவது அங்கேதான்.

அம்மாவிடம் போனில் சொல்லாதீர்கள். ஊருக்கு முன்கூட்டியே போய், மருமகளே பக்கத்தில் உட்கார்ந்து அவள் காரணத்தை அவள் வாயாலேயே சொல்லட்டும். உங்கள் வழியாக வந்தால் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்றுதான் அம்மாவுக்குப் படும். அதற்கு முன்னால் ஐயரைத் தனியாகப் பாருங்கள். அசன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிள்ளையைக் கொண்டுபோய் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்க எந்த ஐயரும் மறுக்கமாட்டார். மருமகளுக்கும் அதில் மனசு உறுத்தாது. அம்மா கையிலேயே பிள்ளையைக் கொடுத்து முன்னால் நிற்கச் சொல்லுங்கள். அப்பா பேரில் ஒரு ஸ்தோத்திரக் காணிக்கையும் வைத்துவிடுங்கள். ஞானத்தகப்பனாக நிற்க ஒத்துக்கொண்டவருக்கும் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள், மற்றவர் சொல்லிக் கேட்டால் வருத்தப்படுவார்.